கவுகாத்திக்குப் போன ஐபி

சங்ககிரியில் வீட்டுக்கு வழி கேட்டால் கதவு எண்ணைச் சொல்ல மாட்டார்கள், வாசலில் நிற்கிற லாரியின் நம்பரைச் சொல்வார்கள். லாரி லோடுக்குப் போயிருந்தால் அன்றைக்கு அந்த வீடும் ஊரில் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஊர் லாரி ஆபீஸ் ஒன்றில், கம்ப்யூட்டர்களுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும்படி ஒரு ஸ்விட்சை அமைத்துத் தரும் வேலை எனக்கு வந்தது.

அதுவரை ஐபி நம்பர்களெல்லாம் கணக்குப்பிள்ளையின் பில் புத்தகத்துப் பின்னட்டையில், பென்சிலில் இருந்தன. அவர் லீவு போட்டால் புது மெஷினுக்கு நம்பர் கிடையாது. ஒருமுறை கேமரா ரெக்கார்டருக்குக் கொடுத்த நம்பரையே பிரிண்டருக்கும் கொடுத்துவிட்டார். பில் அடித்தால் கேமரா அணையும், கேமரா பார்த்தால் பில் நிற்கும். உலகமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1985-இல் வந்த பூட்பி என்ற முறையிலும் எந்த மெஷினுக்கு எந்த நம்பர் என்று ஒரு ஆள் உட்கார்ந்து பட்டியல் எழுத வேண்டும். அந்த ஆளை எழுப்பி அனுப்பியது 1993-இல் வந்த டிஎச்சிபி. ரால்ஃப் டிராம்ஸ் எழுதி 1997-இல் வெளியான அதன் திருத்திய விதிமுறைதான் இன்றைக்கும் அடிப்படை. கணக்குப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். டிராம்ஸ் மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம் வரவில்லை.

முதலாளிக்கு விளக்குவது எளிதாக இருந்தது. புதிதாக மாட்டிய மெஷினுக்குத் தன் நம்பரும் தெரியாது, யாரைக் கேட்பதென்றும் தெரியாது. அதனால் பொதுவாகக் கூவும். ஸ்விட்ச் ஒரு நம்பரைக் காட்டும். மெஷின் அதையே கேட்கும். ஸ்விட்ச் உறுதி செய்யும்.

“இது நம்ம புக்கிங் பேச்சுத்தானுங்க தம்பி,” என்றார். “லோடு இருக்குதுங்களா? கோயமுத்தூர் இருக்கு. செரி, எடுத்துக்கறேன். போட்டாச்சு, கெளம்பு. அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். அடுத்து அவர் கேட்டதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

“கூவறது எல்லாத்துக்கும் கேக்குமில்லீங்க? நடுவுல எவனாச்சும் ‘எங்கிட்ட வா, நாந் தாரேன்’னா?”

டிஎச்சிபியின் பெரிய ஓட்டையே இதுதான். பதில் சொல்கிறவன் யாரென்று மெஷின் விசாரிக்காது. போலி புரோக்கர்களைப் பார்த்தே தலை நரைத்தவருக்கு அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நடந்ததும் அதுதான். மாடி ரூமில் யாரோ வீட்டுப் பழைய வைஃபை ரூட்டரைக் கொண்டுவந்து மாட்ட, அது தன் பாட்டுக்கு நம்பர் கொடுக்க ஆரம்பித்தது. பாதி ஆபீஸுக்கு நெட் போயிற்று. டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்று ஸ்விட்சில் ஒன்று இருக்கிறது. அதை முடுக்கினால், நாம் நம்பிக்கைக்குரியது என்று குறிக்காத எந்த போர்ட்டிலிருந்து நம்பர் கொடுக்கும் பதில் வந்தாலும் அங்கேயே தட்டிவிடும். “இப்படி ஒண்ணு மனுசனுக்கும் இருந்தாத் தேவலை,” என்றார்.

முதல் இருபது நம்பரை ரெக்கார்டர், பிரிண்டர், எடைமேடைக் கம்ப்யூட்டர் இவற்றுக்கென ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஆபீஸுக்குத் திறந்துவிட்டேன். டிரைவர்களின் போனுக்குத் தனி விலான், அதாவது அதே ஸ்விட்சுக்குள் பிரித்துவிட்ட தனி வலை. அதற்கு ஐம்பது நம்பர் போதும் என்று கணக்குச் சொன்னவர் முதலாளி. ஒரு நம்பரை எவ்வளவு நேரத்துக்கு வாடகைக்கு விடலாம் என்றதற்கும் பதில் வைத்திருந்தார். “எட்டு நாள் போடுங்க. சும்மா சும்மா ரினிவல் பண்ணச் சொன்னா அது ஆர்டிஓ ஆபீஸுங்க.” பர்மிட், எஃப்சி, இன்சூரன்ஸ் என்று வருடமெல்லாம் புதுப்பித்தே களைத்த மனிதரிடம் வாதாட எனக்கு மனம் வரவில்லை.

சீக்கிரமே டிரைவர்களின் போனெல்லாம் ‘ஐபி முகவரியைப் பெறுகிறது’ என்று சொல்லிக்கொண்டு சுற்றிச் சுற்றி நின்றது. பட்டியலைத் திறந்து காட்டினேன். ஐம்பதும் தீர்ந்திருந்தன. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போன்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்தார்.

“இவன் கவுகாத்தியில நிக்கறான். இவன் நாக்பூர் தாண்டியிருப்பான். வண்டி போனப்பறம் ஷெட்டுல எடம் புடிச்சு வெச்சுட்டிருக்கறதுங்களா?”

வாடகைக் காலத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்தோம். இங்கேயே இருக்கிற போன், பாதி நேரம் ஆனதுமே தானாகக் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும், யாரும் எங்கேயும் அலைய வேண்டாம் என்றேன்.

“ஏஜெண்டு இல்லாமயா?” என்றார். நம்பவில்லை.

செய்ததையெல்லாம் ஸ்விட்சில் சேமிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். அதையும் முடித்து லேப்டாப்பை மூடும்போது முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஷெட்டில் நின்ற அவர் வண்டிகள் எல்லாவற்றின் நம்பருக்கும் கூட்டுத்தொகை ஒன்பது.

“என்ற போனுக்கு நெலையா ஒரு நம்பர் போட்டு வெக்க முடியுங்களா? ஒம்பது வர்ற மாதிரி?”

முடியும் என்றேன். போனின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரியோடு ஒரு நம்பரை முடிச்சுப் போட்டால் போதும்.

“இதுக்கு எவ்வளவு கட்டோணும்?”

“காசெல்லாம் இல்லீங்க.”

அவர் முகம் லேசாக வாடியது. “செரி, நம்ம ஒருத்தருக்குத்தானே இந்த நம்பரு?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. 192.168 என்று தொடங்குவதை அவரவர் இடத்துக்குள் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று 1996-லேயே விதி எழுதிவிட்டார்கள். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருப்பவர் ஆபீஸிலும் இதே நம்பர் இருக்கலாம் என்றேன்.

“காசும் இல்ல, ரிக் வண்டிக்காரனும் வெச்சிருப்பான்,” என்று எழுந்தார். “அப்ப எதாச்சும் ஒண்ணு உழுந்துட்டுப் போகுது, உடுங்க தம்பி.”