பகுதியைப் பார்க்காத கணக்கு

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. மேலே பல்லாவரம் தொகுதி, கீழே அனகாபுத்தூர் என்று ஒரு பகுதி. கீழே என்ன இருக்கிறது என்ற ஞாபகம் மேலே இருப்பவருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும். கணக்கில் இப்படி மறந்தால் மார்க் போகும். அரசியலில் மாலை விழும்.

பதினோராம் வகுப்பு, இரண்டாம் பாடம், அடிப்படை இயற்கணிதம். அதில் விகிதமுறு அசமன்பாடு. பக்கத்து வீட்டுப் பையன் நோட்டோடு வந்தான். எக்ஸ் கூட்டல் 1, அதன் கீழே எக்ஸ் கூட்டல் 3. இந்தப் பின்னம் 3-ஐவிடக் குறைவு என்றால் எக்ஸ் என்ன? தம்பி கீழே இருந்ததை அலேக்காகத் தூக்கி அந்தப் பக்கம் பெருக்கிவிட்டான். இரண்டே வரியில் விடை: எக்ஸ், மைனஸ் 4-ஐவிடப் பெரியது.

"மைனஸ் மூன்றரையைப் போட்டுப் பாருடா" என்றேன். 5 வந்தது. 5 எந்த ஊரில் 3-ஐவிடச் சின்னது? மைனஸ் 5-ஐப் போட்டால் 2. கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் அவனுடைய விடையில் அதற்கு இடமில்லை. தகாதது உள்ளே, தகுந்தது வெளியே. பயனாளிகள் பட்டியல் தயாரிக்கும் வேலைக்குப் பையன் இப்போதே தயார்.

பகுதி பிளஸா மைனஸா என்று தெரியாமல் பெருக்கக் கூடாது. மைனஸாக இருந்தால் குறி திரும்பிக்கொள்ளும். 3-ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்து ஒரே பின்னமாக்கு. எண்கோட்டில் மைனஸ் 4, மைனஸ் 3 இரண்டையும் குறி. கோடு மூன்று துண்டாகும். துண்டுக்கு ஓர் எண்ணைப் போட்டுப் பார். விடை, மைனஸ் 4-க்குக் கீழே அல்லது மைனஸ் 3-க்கு மேலே. மைனஸ் 3-லேயே நின்றால் பகுதி பூஜ்யம், அங்கே கணக்கே கிடையாது.

"இதெல்லாம் எதுக்கு அங்கிள்? இந்தப் பாடத்தை சாய்ஸ்ல விட்டுடலாம்னு டியூஷன் சார் சொல்லிட்டாரு."

அவர் மட்டுமா விட்டார்? பதினோராம் வகுப்பு முழுவதையும் சாய்ஸில் விட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் இங்கே ஏராளம். அதைத் தடுக்கத்தான் 2018-ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வந்தது, அந்தத் தேர்வு போனது. பிள்ளைகளுக்கு மன அழுத்தமாம். சரி, பரீட்சையை எடுத்துவிட்டீர்கள். பாடத்தை யார் எடுப்பார்கள்?

இதற்கு நடுவில் மேடைக்கு மேடை அறிவுரை வேறு: அதிகாலை 4 மணிக்கு எழுந்திரு, அமைதியான அறையில் உட்கார், தினமும் பத்துக் கணக்குப் போடு. அறையா? 2025 மே 16 அன்று பத்தாம் வகுப்பு ரிசல்ட். அந்த மாதம் முடிவதற்குள் அனகாபுத்தூர் அடையாற்றங்கரையில் பொக்லைன் இறங்கி, நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்துத் தள்ளியது. குடும்பங்களுக்குக் கீரப்பாக்கம், தைலாவரம் என்று எங்கெங்கோ அடுக்குமாடிகள். மார்க் பட்டியலை வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் பிள்ளை எந்த ஊர்ப் பள்ளியில் போய் பதினொன்று சேரும்? மேஜை நாற்காலி தெருவில் கிடக்கும்போது எண்கோட்டை எதன்மேல் வைத்துப் போடும்?

ஆற்றை மீட்க வேண்டாம் என்று யார் சொன்னது? 2015 வெள்ளம் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறக்கிற சமாச்சாரமா? அடையாறு சீரமைப்பு என்று மேலே கம்பீரமாக எழுதிக்கொள்ளுங்கள். கீழே இருப்பதைப் பூஜ்யமாக்கிவிட்டு அதற்குக் கணக்கு என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

அதிகாரிகளுக்கு ஒரே விண்ணப்பம். அடுத்த தடவை பொக்லைனுக்கு டீசல் போடுமுன் சுவரில் தொங்கும் காலண்டரைக் கொஞ்சம் பாருங்கள். 2025-ல் பள்ளி திறந்தது ஜூன் 2.