பர்மிங்காமிலிருந்து அண்ணனுக்கு: இரைச்சல் குறித்த விளக்கம்

திருத்தணியில் நலமே வாழும் அண்ணன் அவர்களின் மேலான கவனத்திற்கு:

ராக் இசை என்பது மின்கிதார், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிதார், டிரம்ஸ் ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்டு, ஒலிபெருக்கியையும் ஒரு வாத்தியமாகவே கருதி வாசிக்கப்படும் மேலைநாட்டு இசையாகும். 1980களின் திருத்தணியில் வாலிபர் சிலர் இதனைச் சங்கீதம் என்றும், அவர்தம் வீட்டுப் பெரியவர்கள் இரைச்சல் என்றும் வழங்கினர். அக்காலத்தில் இதனைப் பெற விரும்பியோர் ரயிலேறிச் சென்னை சென்று பர்மா பஜாரில் பேரம் பேசினர். அதற்கும் வசதியில்லாதோர், பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும் வெற்றுக் கேசட்டையும் பாடல் பட்டியலையும் ரெக்கார்டிங் கடையில் ஒப்படைத்துவிட்டுக் காத்துக் கிடந்தனர்.

இவ்விசையின் மிகக் கனத்த பிரிவாகிய ஹெவி மெட்டல் பிறந்த ஊர், தங்கள் தம்பி பிழைக்க வந்த இந்தப் பர்மிங்காமே ஆகும். 1968இல் இங்கு உருவான பிளாக் சபாத் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் உலோகத் தகடு செய்யும் ஆலையில் வலக்கை விரல் நுனிகள் இரண்டை இயந்திரத்திற்குப் பறிகொடுத்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவராதலின் தந்தியை அழுத்த வேண்டிய விரல்கள் அவையே. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டு, வலி குறையும்பொருட்டு மெல்லிய தந்திகளைப் பூட்டி, நாளடைவில் அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். அந்த இருண்ட கனமான நாதத்திற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. ஆகவே, பேயின் வேலை என்று அண்ணன் அவர்கள் அன்று வழங்கிய தீர்ப்பு, ஆலை இயந்திரத்தின் வேலை எனத் திருத்தப்படுதல் வேண்டும்.

இத்தகைய ஊரில் பாட்டை உரக்க வைத்துக் கேட்கலாம் எனக் கருதுவோர் ஏமாறுவர். இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை எழும் ஓசையைத் தனிச் சட்டம் கண்காணிக்கிறது; சுவருக்கு அப்பால் வசிக்கும் மூதாட்டி அச்சட்டத்தினும் கூரிய செவியுடையவர். ஆடிக் கிருத்திகைக்குப் பம்பையும் உடுக்கையும் முழங்க, விடியுமுன் குழாய் ஒலிபெருக்கி எழுப்பிவிட வளர்ந்த ஒருவர், ஹெவி மெட்டலின் தாயகத்தில் காதில் கருவியைப் பொருத்திக்கொண்டு, தாளம் போடும் காலுக்குக் கீழே தலையணை வைத்துக் கேட்பதே இங்குள்ள நடைமுறை.

ஆயினும் ஊரார் அக்குழுவுக்குச் செய்யும் மரியாதையில் குறைவில்லை. கால்வாய்ப் பாலமொன்றுக்குக் குழுவின் பெயர் சூட்டி, நால்வர் உருவமும் பொறித்த இருக்கையை அமைத்துள்ளனர். 2025 ஜூலை 5 அன்று வில்லா பார்க் மைதானத்தில் நடந்த நிறைவுக் கச்சேரியில், நோயுற்றிருந்த பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் உற்சவரைப் போல் அரியணையில் அமர்ந்தே பாடினார். அம்மாதம் 22ஆம் நாள் அவர் மறைந்தபோது, இறுதி ஊர்வலம் அப்பாலத்தில் நின்று சென்றது. ஒரு காலத்தில் கெட்ட பிள்ளைகளாய் இருந்தோர் உயிரோடு இருந்தால் மட்டும் போதும், ஊர்ப் பெரியவர்களாகிவிடுவர் என்பது இதனால் பெறப்படும்.

இவையெல்லாம் நம் ஊருக்கு ஆகாதவை என்னும் வாதமும் ஆராய்ச்சிக்குரியது. திருத்தணி மலையில் முருகன் கற்கண்டு ஊட்டப் பாடத் தொடங்கியதாக மரபு போற்றும் முத்துசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டையின் ஆங்கிலேய பாண்டு வாசிப்பைக் கேட்டு, அம்மெட்டுகளில் சமஸ்கிருதச் சாகித்தியங்களை இயற்றினார். அவை நோட்டுஸ்வரம் எனப்படுகின்றன. பரதேசத்து வாத்திய முழக்கத்துக்குத் தலையாட்டியவர்களில் தங்கள் தம்பி முதல்வர் அல்லர் என்பதற்கு இதனினும் வலுவான சான்று தேவையில்லை.

எனவே அண்ணன் அவர்களிடம் வைக்கப்படும் விண்ணப்பம் ஒன்றே: பரண்மேல் உள்ள கேசட்டுப் பெட்டியைப் பழைய இரும்பு வியாபாரிக்கு எடை போடாதிருத்தல் வேண்டும். அண்ணியார் அவற்றுள் சிலவற்றில் கந்த சஷ்டி கவசத்தைப் பதிவு செய்துவிட்டதாக ஒரு வதந்தி உலவுகிறது. அது உண்மையாயின் அவற்றையும் சேர்த்தே அனுப்புக, அந்த மூதாட்டியிடம் சமாதானம் பேச அவை உதவக்கூடும்.

இங்ஙனம்,
தங்கள் தம்பி