கரிவாயுவும் கண்ணேறும்

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தார் கரிவாயுக் கலன்களைச் செய்தளிக்க, பெட்ரோல் குடித்த வாகனங்கள் அடுப்புக்கரியைத் தின்று ஓடின என்பது சரித்திரம். எந்தக் கலனாயினும், வாயு சரிவர வடிகட்டப்படாவிடில் அதிலுள்ள தாரும் சாம்பலும் எஞ்சினுக்குள் செல்லும் வாயுவை மட்டுப்படுத்தும் திராட்டில் தகட்டின் அச்சில் படிந்து இறுகிவிடும். டிரைவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பின்னரும் எஞ்சின் மாத்திரம், மேடையைவிட்டு இறங்க மனமில்லாத பிரசங்கியைப் போல, முழங்கிக்கொண்டே இருக்கும். இதைத் திருஷ்டி தோஷமென்று நிச்சயித்து எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டும் லாரி முதலாளிமாரின் பக்தியை நான் நிந்திக்கவில்லை. ஆயினும் மிதிகட்டையையும் தகட்டையும் இணைக்கும் கம்பியைக் கழற்றிவிட்டுத் தகட்டை விரலால் அசைத்துப் பார்த்தால், அது இலகுவாய்த் திரும்பின் குற்றம் கம்பியிலோ மிதிகட்டையிலோ, திரும்பாவிடில் அச்சில் என்பது விளங்கிவிடும். அச்சில் எனின் மண்ணெண்ணெயில் கழுவுக. எலுமிச்சம்பழத்தை ஊறுகாய்க்கு அனுப்புக.