மாடியில் ஒரு கடல்

கடலே இல்லாத ஊரில்தான் கடல்மீன் தொட்டிக்காரர் முளைப்பார். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஜோகுபாளையத்துச் சந்தில் லீசுக்கு எடுத்த மாடி வீட்டில் இருக்கும் நம்மவர் இன்னும் பத்தடி உயரம். அங்கே இருநூறு லிட்டர் கடலைத் தன் கையாலேயே கரைத்து வைத்திருக்கிறார். லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஏழு கிலோ உப்பு. டாக்டர் பி.பி. என்று சொல்லிவிட்டதால் அவர் சாப்பாட்டில் மட்டும் உப்பு கிடையாது.

குழாய்த் தண்ணீர் குடும்பத்துக்கு, ஆர்.ஓ.வில் வடித்தது மீனுக்கு. 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றி, குடிநீரில் கார் கழுவினால், செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. பட்டியலை இரண்டு தரம் படித்தார். மீன் தொட்டி என்ற பேச்சே இல்லை. அன்று நன்றாகத் தூங்கினார். கரண்ட் போனால் யூ.பி.எஸ். முதலில் தொட்டி மோட்டாருக்கு. மனைவியின் ஃபேன் அப்புறம். 2016-ல் அல்சூர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்தபோது ஏரியாவே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது, இவர் மட்டும், "அம்மோனியா எவ்வளவுன்னு யாராவது பார்த்தாங்களா?" என்று விசாரித்துக்கொண்டு போனார்.

"பவளம் இல்லையா சார்?" என்று விருந்தாளி கேட்டால் குரலைத் தாழ்த்துவார். "கல் பவளமெல்லாம் 2001-லேர்ந்து வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை. புலியும் அதே அட்டவணைதான். புலி வளர்ப்பீங்களா?" விருந்தாளி உடனே மீனுக்குத் தாவுவார்.

மீன் என்றால் பச்சை குரோமிஸ். டாம்சல் வகையறா, விரல் நீளம், வெளிச்சம் பட்டால் நீலமும் பச்சையுமாக மின்னும். லட்சத்தீவுப் பக்கம் கிளைப் பவளங்களுக்கு மேலே கூட்டம் கூட்டமாக மிதக்கும். பெரிய மீன் ஒன்று தலைகாட்டினால் அத்தனையும் ஒரே வீச்சில் கிளைக்குள் புகுந்துகொள்ளும். நம்மவர் ஏழு வாங்குவார். கல்யாண மொய் போல இதையும் ஒற்றைப்படையில்தான் செய்ய வேண்டும் என்பது சாஸ்திரம்.

முதல் வாரம் ஏழும் ஒன்றாகச் சுற்றும். "பாருங்க, கூட்டுக் குடும்பம்!" என்பார். அந்த நேரத்தில் அவர் மகன் ஓர் அறையில், மகள் இன்னோர் அறையில், மாமியார் மொட்டை மாடியில். யாரும் யாரோடும் பேசுவதில்லை.

அடுத்த வாரம் ஆறு. பிறகு ஐந்து. பிணம் கிடைக்காது, விடிவதற்குள் நண்டும் இறாலும் காரியத்தை முடித்துவிடும். இவர் உப்பை அளப்பார், வெப்பம் பார்ப்பார், கடைக்காரரைத் திட்டுவார். குற்றவாளி கண்ணெதிரே நீந்திக்கொண்டிருக்கும். மிரட்டப் பெரிய மீன் இல்லாத தொட்டியில் குரோமிஸ்களுக்கு ஒட்டி நிற்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. யார் பெரியவர் என்ற கணக்கு தொடங்குகிறது. கடைசியில் இருப்பதை மற்றவை துரத்தும், வாலைக் கடிக்கும். அது மோட்டாருக்குப் பின்னால் ஒதுங்கி, தீனிக்குக்கூட வெளியே வராமல் தேய்ந்து போகும். அது போனதும் கடைசிக்கு முந்தினது கடைசியாகும்.

ஒன்று மட்டும் மிஞ்சியபோது அனுபவசாலி ஒருவர் யோசனை சொன்னார்: "அடுத்த தடவை வாங்கும்போது மிரட்டுற மாதிரி பெரிசா ஒண்ணு விடுங்க சார். தானா ஒண்ணு சேரும்." நம்மவருக்கு மனம் நொந்துபோயிற்று. "பயத்துல வர்ற ஒற்றுமை ஒரு ஒற்றுமையா?"

அப்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம். "ஏங்க, ஓனர் வர்றாரு! தொட்டி வெயிட்டைப் பத்திக் கேட்கத்தான்!" என்றார் மனைவி. மகன் வந்தான், மகள் வந்தாள், மாமியார் மொட்டை மாடியிலிருந்து இறங்கினார். ஐந்து பேரும் தோளோடு தோள் ஒட்டி, தொட்டியை மறைத்து, ஒரே திசையைப் பார்த்து நின்றார்கள்.