மயூர் விஹார் பிரேக் மாமா

மத்திய அரசில் முப்பது முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்து ஓய்வுபெற்று, யமுனைக்குக் கிழக்கே கூட்டுறவுச் சங்க ஃப்ளாட் ஒன்றில் குடியிருந்துகொண்டு, தம் பழைய காரின் பிரேக்கைத் தாமே பழுதுபார்க்கும் தமிழரே பிரேக் மாமா. தில்லியின் வேறு பகுதிகளிலும் தென்படுவார். ஆனால் இனம் செழித்தது மயூர் விஹார் முதல் ஃபேஸில்தான். கீழே பார்க்கிங், மூன்றாம் மாடியில் மாமி, நடக்கும் தூரத்தில் உத்தர குருவாயூரப்பன் கோயில் என்ற மூன்றும் ஒருசேர அமைந்த இடம் அது.

வண்டி பெரும்பாலும் மாருதி 800. முதல் 800 சாலைக்கு வந்த 1983 டிசம்பரில் இவருக்கு அதை வாங்க வக்கில்லை. ஐந்தாவது ஊதியக் குழுவின் அரியர்ஸ் வந்தபிறகுதான் வாங்கினார். சிறுபான்மையினரிடம் ப்ரீமியர் பத்மினி இருக்கும். நாலு சக்கரத்திலும் ட்ரம் பிரேக் உள்ள வண்டியைக் கட்டி மேய்த்தவர்களுக்கு, முன்சக்கரத்தில் டிஸ்க் வைத்துக்கொண்டவர்கள்மேல் எப்போதும் ஓர் இளக்காரம்.

இனம் காண்பது எளிது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, மடித்துக் கட்டிய நாலு முழ வேட்டியும் முண்டா பனியனும் நெற்றியில் சந்தனமுமாக ஒருவர் லிஃப்டிலிருந்து இறங்குவார். கையில் விஐபி பிரீஃப்கேஸ். அலுவலகம் போன காலத்தில் அதற்குள் டிபன் டப்பாவும் பத்திரிகையும் இருந்தன. இப்போது ரிங் ஸ்பேனர்கள், ஒரு முழம் பிளாஸ்டிக் ட்யூப், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், மூடி பிரிக்காத பிரேக் ஆயில் டின். மூடி பிரித்த டின்னை அவர் தொடமாட்டார். இதில் நியாயம் இருக்கிறது. டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடுகிறது. நிஜாமுதீன் பாலத்து நெரிசலில் இதனால் ஆபத்தில்லை. மசூரிக்குப் போய் இரண்டாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து டேராடூனுக்கு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால்தான் தெரியும். ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கிக்கொடுக்கும், பெடல் தரை தொடும். வருஷா வருஷம் மசூரி போகிறவர் போலத்தான் மாமா ஆயில் மாற்றுகிறார். போவதென்னவோ ஐஎன்ஏ மார்க்கெட்டுக்கு.

பிரேக் பழுதை அவர் அணுகும் முறை கோப்பு முறை. யாரிடமிருந்து புகார், எந்தத் தேதி, முன்னுதாரணம் உண்டா என்று தொடங்கி, பச்சை நோட் ஷீட் கிடைக்காத குறைக்கு மளிகை டைரியில் பத்தி பத்தியாக எண் போட்டு எழுதுவார். கேலிக்கு உரியதுதான், ஆனாலும் முறை சரியானது. முதலில் ரிசர்வாயரில் ஆயில் மட்டம். குறைந்திருந்தால் உடனே ஊற்றக்கூடாது. பேட் தேயத் தேய மட்டம் தானாகவே இறங்கும், வேகமாக இறங்கினால்தான் கசிவு. அடுத்து நாலு சக்கரத்தின் உட்புறமும் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. பின்சக்கர ட்ரம்மின் அடியில் கசிந்தால் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் போயிற்று என்று பொருள். எங்கும் ஈரமில்லை என்றால்தான் பெடலுக்கு வருவார்.

பெடல் சொல்லும் சங்கதிகள் பல. மிதித்தால் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. முதல் மிதிக்குக் கீழே போய், இரண்டு மூன்று தடவை அடித்தபின் மேலே வந்தால், காற்றாகவும் இருக்கலாம், பின்பக்க ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி கூடியதாகவும் இருக்கலாம். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், பெடல் அழுத்தத்தை ஆயிலுக்கு ஏற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது. மரக்கட்டைபோல் விறைத்து நின்றால், மிதிக்கு வலுச் சேர்க்கும் பூஸ்டர் மேல் சந்தேகம். இதற்குச் சோதனை எளிது: எஞ்சினை அணைத்து நாலைந்து முறை பெடலை அடித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யவேண்டும், பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் நிரபராதி.

இத்தனையும் மாமாவுக்கு மனப்பாடம். ஆனால் அவர் வண்டிக்கு அடியில் கிடக்கும்போது பெடலில் இருப்பது மாமியின் கால். பஞ்சா, கல்லா, இறங்குகிறதா, நிற்கிறதா என்ற சாட்சியம் முழுவதும் அந்தப் பாதத்திலிருந்துதான் வரவேண்டும். டைரியில் இது பதிவாவதில்லை. "சோதித்ததில் பெடல் மிருதுவாக இருப்பது தெரியவந்தது" என்று செயப்பாட்டுவினையில் முடிந்துவிடும்.

குழாயிலிருந்து ஏர் எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது இந்தக் குடும்பங்களின் வரலாற்றில் முக்கியமான விஷயம். சக்கரத்தின் பின்னாலுள்ள நிப்பிளில் ட்யூபை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்தி, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். மூடியபிறகே காலை எடுக்கலாம். முன்னால் எடுத்தால் வெளியே போன காற்று திரும்பவும் உள்ளே வரும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்று வண்டியின் கையேடு சொல்லும். பழைய வண்டிகள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரம் முதலில்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடிச்சுக்கோ."

"பிடிச்சுண்டுதான் இருக்கேன்."

"விடாதே… விடாதே… ம், இப்போ விடு."

இப்படி ஒரு சக்கரத்துக்குப் பத்துப் பதினைந்து முறை. பாட்டிலில் குமிழி நிற்கும்வரை. நடுவே மூன்றாம் மாடியிலிருந்து குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். மாமியின் கால் தானாக எழும்பும். ட்யூபில் இருந்த ஆயில் சர்ரென்று மேலேறி நிப்பிளுக்குள் மறையும். வண்டிக்கு அடியிலிருந்து வரும் அலறலுக்கு மாமி அசருவதில்லை.

"ஏன்னா, உங்களுக்குப் பருப்பு வேகணுமா, பிரேக் பிடிக்கணுமா? ரெண்டில ஒண்ணு சொல்லுங்கோ."

இந்தச் சச்சரவைத் தீர்க்க, ஒரே ஆள் ஏர் எடுப்பதற்கான ஒருவழி வால்வு வைத்த ட்யூப் கடைகளில் கிடைக்கிறது. மாமா அதை வாங்கினார். வேலையும் செய்தது. ஆனால் பெடல் கெட்டியாயிற்றா என்று பார்க்கத் தாமே எழுந்து போய் மிதித்தபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை வருஷமாக அந்த வித்தியாசம் தெரிந்த கால் வேறொருவருடையது. மறுவாரம் மாமி மீண்டும் பணியமர்த்தப்பட்டார்.

பழைய வண்டியில் ஏர் எடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. கற்றுக்குட்டிகள் எல்லாரும் அதில் விழுவார்கள். அன்றாட ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முதல் பாதித் தூரம்தான் ஓடுகிறது. மீதிப் பாதியில் வருஷக்கணக்காகத் துருவும் சகதியும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால், ரப்பர் கப் அந்தத் துருவின் மேல் உரசிக் கிழியும். காற்றை எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டரைக் கெடுத்துவிட்டு, "நேற்றுவரை நன்றாக இருந்ததே" என்று நிற்கும் மாமாக்கள் ஃபேஸ் ஒன்றில் பலர். அனுபவப்பட்டவர் பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வைத்து ஓட்டத்தை மட்டுப்படுத்துவார். கட்டை என்பது பெரும்பாலும் காலொடிந்த சப்பாத்திப் பலகை; அது எப்போது ஒடிந்தது என்பதில் தம்பதியரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

கப் கிழிந்தால் கிட் வாங்கவேண்டும். கிட் என்றால் கஷ்மீரி கேட். பிரேக் இல்லாத வண்டியில் போகமுடியாது என்பதால் மெட்ரோ. புளூ லைனில் ராஜீவ் சௌக், அங்கே மாறி மஞ்சள் லைன். மோட்டார் உதிரிபாகத்துக்கு வட இந்தியா முழுவதும் கைநீட்டும் அந்தச் சந்தைத் தெருவில், அசலும் நகலும் ஒரே கண்ணாடி அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் இரண்டையும் எடுத்துப் போட்டு, "அங்கிள்ஜி, தோனோ ஏக் ஹீ ஹை" (இரண்டும் ஒன்றுதான்) என்பார். மாமா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டைப்பெட்டியை எழுத்தெழுத்தாகப் படிப்பார். சென்னை பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் பெயர் இருந்தால் நெஞ்சு நிமிரும். லைனிங் என்றால் ரானே. இந்தியா நிற்க நினைத்த இடத்தில் நிற்பது தமிழ்நாட்டால்தான் என்ற சித்தாந்தத்தை இந்தியில் விளக்க அவரிடம் போதிய சொற்கள் இல்லை, ஆனாலும் விளக்குவார். கடைக்காரர் அதற்குள் வேறு இரண்டு பேருக்கு ஸ்பார்க் ப்ளக் விற்றிருப்பார்.

திரிலோக்புரிப் பக்கத்து மெக்கானிக்குடன் இவருக்குள்ள உறவு சிக்கலானது. மெக்கானிக்கின் வைத்தியம் ஒன்றே: "ஆயில் டால்கே சலாவோ" (ஆயில் ஊற்றி ஓட்டு). சில மெக்கானிக்குகள் பிரேக் ஆயில் தீர்ந்தால் கைக்குக் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றுவதும் உண்டு, அது பட்டால் ரப்பர் கப்புகளெல்லாம் ஊறிப் பெருத்து, சக்கரம் நாலும் இறுகிப்போகும். பெட்ரோலால் கப்பைக் கழுவுவதும் அதே பாவம். இந்த விஷயத்தில் மாமா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அவரைச் சகிக்கமுடியாமல் போவதற்குக் காரணமும் அதுதான்.

அவர் தவறும் இடம் பக்கத்து வண்டி. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவினால் தப்பும். துணியால் துடைத்தால் தேய்த்துவிட்டது போலத்தான். பஞ்சாபிக்காரரின் புது ஹோண்டா சிட்டியின் பின் ஃபெண்டரில் நாலு சொட்டு தெறித்த கதை, சங்கத்தின் பொதுக்குழுவில் "இதர விஷயங்கள்" என்ற தலைப்பின்கீழ் வந்தது. பார்க்கிங்கில் பழுதுபார்க்கத் தடை என்று சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. மாமா அதைப் படித்துவிட்டு, 'பழுதுபார்த்தல்' வேறு, 'பராமரிப்பு' வேறு என்று இரண்டு பக்கத்தில் பதில் எழுதினார். பதிலுக்குப் பதில் எழுத அலுப்புப்பட்டுச் செயலாளர் விட்டுவிட்டார்.

சக்கரம் இறுகிக்கொள்ளும் நோய்தான் மாமாவின் உச்சம். பெடலை விட்டபிறகும் ஒரு முன்சக்கரம் சுற்ற மறுக்கிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரைக் குற்றம் சொல்லி மாற்றிவிடுவது மெக்கானிக்கின் வழக்கம். மாமா ஜாக்கி போட்டு, கீழே ஸ்டாண்டும் வைத்து, நிப்பிளைத் திறந்துபார்ப்பார். திறந்தும் சுற்றவில்லை என்றால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது, காலிபர்தான். திறந்ததும் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. அப்போது ரப்பர் ஹோஸுக்கு மேலேயுள்ள இணைப்பைத் தளர்த்துவார். அதிலேயே விடுபட்டால் கோளாறு மேலே. அங்கே விடுபடாமல் நிப்பிளில் மட்டும் விடுபட்டால் ஹோஸ்தான் குற்றவாளி. வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே வீங்கி, போகும் ஆயிலை விட்டு, வரும் ஆயிலைத் தடுக்கும். ஒரு காலிபரின் விலையில் சிறு பங்குக்கு ஹோஸ் வாங்கி மாட்டிவிட்டு, அந்த வாரம் முழுவதும் அதைக் கோயில் பிராகாரத்தில் சொல்வார். 1917-ல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்ற மால்கம் லாக்ஹீட்டும் 1921-ல் அதை நாலு சக்கரத்துக்கும் பொருத்தி வந்த டூசன்பெர்க் காரும் அப்போதுதான் பேச்சில் தலைகாட்டுவார்கள். கேட்பவர்கள் பிரதட்சிணத்தின் வேகத்தைக் கூட்டுவார்கள்.

இனம் இப்போது அருகிவருகிறது. பதினைந்து வயது கடந்த பெட்ரோல் வண்டிகளும் பத்து வயது கடந்த டீசல் வண்டிகளும் தில்லியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் அவற்றுக்கு பங்க்கில் எண்ணெய் கிடையாது என்றார்கள். சில நாளில் அதை நிறுத்திவைத்தார்கள். ஆணை, தடை, திருத்தம் என்று வந்த ஒவ்வொன்றின் நகலும் மாமாவின் பிரீஃப்கேஸில் தேதிவாரியாக இருக்கிறது. வண்டிதான் இல்லை. தமிழ்நாட்டுக்கு என்ஓசி வாங்கித் திருச்சியில் மைத்துனருக்கு அனுப்பியாயிற்று, பின்சக்கரம் இரண்டுக்கும் புதுக் கப் போட்டு.

மகன் வாங்கிக் கொடுத்த புது வண்டியில் ஏபிஎஸ். அந்த அலகுக்குள் காற்று புகுந்துவிட்டால் பல வண்டிகளில் ஸ்கேனரால் வால்வுகளை இயக்கினால்தான் வெளியே வரும். மாமா ஆன்லைனில் ஸ்கேனர் ஒன்று வாங்கினார். அது அந்த வண்டியின் பிரேக்கோடு பேச மறுக்கிறது. விற்றவருக்கு இணைப்புகளுடன் கடிதம் போயிருக்கிறது. இதற்கிடையில் மாமி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். முதல் நாளே பிரேக் மட்டும் எப்படி இவ்வளவு பதமாக விழுகிறது என்று கற்றுக்கொடுக்கும் பையன் வியந்தானாம். க்ளட்ச்தான் இன்னும் பிடிபடவில்லை. பழைய 800-ல் அது கேபிள். மாமாவின் இலாகாவில் வராது.