ராகு காலத்துக்கு யார் தகவல் சொல்றது?

ஏய்யா பேராண்டி, ஐப்பசி பாதி வரைக்கும் ராத்திரி ஏழு மணிக்கு வந்த ஒன் போனு, இப்ப நான் கஞ்சி குடிச்சுக் கட்டில்ல சாஞ்ச பெறகு எட்டு மணிக்கு வருது. கேட்டா, அமெரிக்காவுல கடிகாரத்தப் பின்னால தள்ளிட்டாகளாம். இந்தத் தள்ளுமுள்ளே வேண்டாம், கோடை நேரத்தையே வருசம் பூராம் வச்சுக்கிறலாம்ங்கிற. சரி, அது ஒங்க பாடு. அதோட விட்டியா? "நம்ம நாட்டுலயும் ஒரு மணி நேரம் முன்னால வச்சா என்ன தாத்தா, சாயங்காலம் வெளிச்சம் மிச்சமாகுமே"ன்ன பாரு, அன்னைக்குப் பூராம் எனக்குத் தூக்கமில்ல. சிரிப்புத்தான்.

நம்ம புதுப்பட்டியில சாயங்கால வெளிச்சத்துக்கு அதிகாரி யாரு? மேக்க நிக்கிற மலை. பொழுது அதுக்குப் பின்னால எறங்கிருச்சுன்னா எறங்கிருச்சுதான். அந்த மலைய ரெண்டு மைல் நகட்ட ஒன் கம்பெனியில ஆளு இருக்கான்னு கேட்டுச் சொல்லு.

இன்னொண்ணு. நம்ம கடிகாரத்துல ஓடுறது நம்ம ஊரு மணியே இல்ல. 1906லருந்து வடக்க மிர்சாபூர்ப் பக்கமாப் போற கோட்டு மணி. பொழுது நம்ம உச்சிக்கு வர்றப்ப கடிகாரத்துல பன்னெண்டு இருவதுகிட்ட ஆயிருக்கும். இருவது நிமிசத்த நாம ஏற்கெனவே அட்வான்சாக் குடுத்தாச்சு. நீ மேக்கொண்டு அறுவது கேக்குற. கந்துவட்டிக்காரன்கூட இப்பிடிக் கேக்கமாட்டான். லண்டன்காரனுக்குக் கோடையில பதினாறு மணி நேரத்துக்கு மேல பகலு, குளிருக்கு எட்டே எட்டு. அவன் கடிகாரத்த வச்சு வெளையாடட்டும். நமக்கு நீளப் பகலுக்கும் குட்டப் பகலுக்கும் வித்தியாசமே ஒரு மணி நேரமும் சில்லறையும்.

இதெல்லாம் பாத்த கூத்துதான்யா. சண்டைக் காலத்துல, 1942 செப்டம்பர்லருந்து 1945 அக்டோபர் வரைக்கும் வெள்ளக்காரன் ஒரு மணி நேரத்த முன்னால தள்ளி வச்சிருந்தான். கச்சேரிக்கும் ரயிலுக்கும் தெரிஞ்சுச்சு, எங்க வீட்டு மாட்டுக்குத் தெரியலன்னு எங்கய்யா சொல்லுவாரு. இலங்கையில கேளு. 1996 மே மாசம் கரண்டுப் பஞ்சம்னு ஒரு மணி நேரம் முன்னால வச்சாக. அக்டோபர்ல அரை மணியத் திருப்பிக் குடுத்தாக. மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் வரைக்கும் வராக்கடன் மாதிரிக் கெடந்துச்சு. புலிக கையில இருந்த எடத்துல பழைய நேரந்தான். சோதனைச்சாவடியத் தாண்டுனா அரை மணி நேரம் எளமையாயிரலாம். எந்த வைத்தியன் குடுப்பான் அந்த மருந்த!

ஒங்க அமெரிக்காவுலயே 1974 ஜனவரியில வருசம் பூராம் கோடை நேரந்தான்னு ஆரம்பிச்சாகல்ல? பிள்ளைக கும்மிருட்டுல பள்ளிக்கூடத்துக்குப் போகுதுகன்னு பெத்தவுக சத்தம் போட, அந்த அக்டோபர்லயே சட்டத்தத் திருத்திப் பழையபடி தள்ளி வச்சாக. அசாம் தேயிலைத் தோட்டத்துல ஒரு மணி முன்னால வேலை பாக்குறது வேற. அங்க பொழுது நமக்கு ரொம்ப முந்தியே விடிஞ்சிருது. அத நான் கொறை சொல்லல.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தை மாசம் நம்ம ஊருல பொழுது கெளம்ப ஆறே முக்கால்கிட்ட ஆகும். ஒன் கணக்குல அது ஏழே முக்கால். திங்கக்கெழமை ராகு காலம் ஏழரைக்கு. அப்ப சூரியன் வர்றதுக்கு முந்தியே ராகு வந்து திண்ணையில கால்மேல கால் போட்டு உக்காந்திருப்பானே, அவனுக்கு நேரம் மாறுன சங்கதிய யாரு சொல்றது? காலண்டர்க்காரனா, கலெக்டரா?

சாயங்காலம் வெளிச்சம் வேணும்னா ஒரு யோசனை இருக்கு, காசு செலவில்ல. காலையில ஒரு மணி முன்னால எந்திரி. ஒங்க பாட்டி அம்பது வருசமா அதத்தான் செய்றா. ஒரு சர்க்காரும் அவளுக்காக முள்ளத் தொடல. நீ லீவுல வந்தா பத்து மணிக்கு எந்திரிக்கிற ஆளு. கடிகாரத்த மாத்துனா அது பதினொண்ணாகும், அம்புட்டுத்தான்.

சரி, அடுத்த வாரம் பேசுறப்ப மணியெல்லாம் சொல்லாத. சொசைட்டிக்கு ஊத்தப் பால் கறந்து முடிச்ச ஒடனே கூப்புடு. அது ஒனக்கு எந்நேரம்னு நீ பாத்துக்க.