மண்டையிலிருந்து கிளம்பிய சந்திரயான்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊரில் அவன் பெயர் ‘மக்களே’. “மக்களே எங்க?” “மக்களேக்கு ஒரு டீ சொல்லு.” வீடியோவுக்கு வீடியோ ‘வணக்கம் மக்களே!’ என்று கூவிக் கூவி அவனே சம்பாதித்த பட்டம். இந்த இனத்தில் இப்போது ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அனுப்பம்பட்டுக்காரனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சோதனை: ரயில்.

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் எங்கள் ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டி லோக்கல், கூடூர் வழியாக வடக்கே ஓடும் எக்ஸ்பிரஸ், எல்லாவற்றின் நேரமும் அவனுக்கு அத்துப்படி. “சித்தப்பா, இன்னும் பதினோரு நிமிஷத்துக்கு வண்டி இல்ல. மிக்சிய மட்டும் போட்டுராதீங்க!” என்று மதில் மேல் தலை நீட்டிச் சொல்லிவிட்டு ஓடுவான். சட்னி அரைபடாமல் நான் காத்திருப்பேன். சரக்கு வண்டிக்குத்தான் நேரமும் கிடையாது, நியாயமும் கிடையாது. ‘1613-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை’ வரை வந்திருப்பான்; கட்டி முடிப்பதற்குள் ஐம்பது பெட்டி கடந்து போகும். அந்தக் கோட்டையை அவன் இதுவரை பதினேழு முறை கட்டியிருக்கிறான்.

அம்மாவின் படுக்கையறைதான் ஸ்டூடியோ. குரல் எதிரொலிக்கக் கூடாதென்று சுவர் முழுக்கப் போர்வை. ஃபேன் சத்தம் மைக்கில் ஏறுமென்று ஃபேனை நிறுத்தி, ஜன்னலையும் அடைத்து, சித்திரை வெயிலில் உள்ளே போவான். வெளியே வரும்போது வெந்த இட்லி மாதிரி இருப்பான். வேலை தெரியாதவன் என்று சொல்லிவிட முடியாது. முகத்தில் ஏன் பட்டை பட்டையாக நிழல் ஓடுகிறது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தான். நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று, ஃபோன் பிடிப்பதோ நொடிக்கு 30 படம்; டியூப் லைட்டுக்கும் அதற்கும் ஒத்துப்போகாது. 25 படம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று என்று மாற்றினான், பட்டை மறைந்தது. இதை எனக்கு விளக்க முக்கால் மணி நேரம் ஆனது. மிக்சி அன்றும் ஓடவில்லை.

பிறகு பச்சைத்துணி வந்தது. அதன் முன்னால் நின்றால் பின்னால் எந்த ஊரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாமாம். அவன் ஒட்டியது பழவேற்காட்டு டச்சுக் கல்லறை. அதன் வாசலிலேயே எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருப்பார்கள். பையன் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, பச்சைச் சேலை கட்டிய அவன் அம்மா டீ கொண்டுவந்தார். வீடியோவில் சேலை கரைந்துபோய், எலும்புக்கூடுகளுக்கு நடுவே ஒரு தலையும் இரண்டு கையும் ஒரு டம்ளரும் மிதந்து வந்தன. ஊரே கூடிப் பார்த்த ஒரே வீடியோ அதுதான். “ஏன்டா அழிச்ச? நான் நல்லாத்தானே வந்திருந்தேன்?” என்று அந்த அம்மாவுக்கு இன்னும் மனக்குறை.

ராத்திரி முழுக்க எடிட்டிங். ‘வந்து’, ‘அதாவது’, மூச்சு, எச்சில் விழுங்கியது, எல்லாவற்றையும் மீன் செதில் எடுப்பதுபோல எடுத்துவிடுவான். ஆறு நிமிடப் பேச்சு இரண்டாகச் சுருங்கும். முகம் அங்கும் இங்கும் துள்ளுவதைப் பார்த்தால் விக்கல் எடுத்த தஞ்சாவூர் பொம்மை தோற்றது. 2005 ஏப்ரல் 23 அன்று யூடியூபில் ஏறிய முதல் வீடியோவில் ஜாவேத் கரீம் யானைகள் முன் நின்று பேசி முடிக்க 19 விநாடிதான் ஆனது. நம்மாள் அந்த நேரத்தில் ‘பெல் பட்டனை’க்கூடத் தாண்டமாட்டான்.

இதெல்லாம் எதற்கென்று கேட்டால், 2021-லேயே ஒரு கோடிப் பேரைச் சேர்த்த புதுக்கோட்டை வில்லேஜ் குக்கிங் சேனலைக் காட்டுவான். இவன் விளம்பரப் பணம் பார்க்க ஆயிரம் பேர் சேர வேண்டும். ஒரு வருடத்தில் 4,000 மணி நேரம் பார்க்கவும் வேண்டும். ரயில் போகட்டும் என்று அவன் காத்திருந்த நேரத்தைக் கணக்கில் எடுத்தால் அது எப்போதோ தாண்டியிருக்கும்.

2023 ஜூலை 14. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3. பொன்னேரி போய், பஸ் மாறி, என்னையும் இழுத்துக்கொண்டு பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போனான். ராக்கெட் நாளில் கடலுக்குப் போக விடமாட்டார்கள். படகுகள் சும்மா கிடந்தன, மீனவர்களும் கரையில்தான். வடக்கே முதுகைக் காட்டி நின்றான். லென்ஸை விட்டுக் கண் எடுக்கக் கூடாது, தலைக்கு மேல் இரண்டு விரற்கடைதான் இடம் விடலாம். இரண்டும் அவன் சட்டம்.

மதியம் 2.35. கரையே “ஓ!” என்றது. “டேய், திரும்பிப் பாருடா!” என்று கத்தினேன். அவன் லென்ஸிடம் திரவ எரிபொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடித்து, நிறுத்தி, மைக்கைக் கழற்றிய பிறகு, முப்பது கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்த அந்த உறுமல் நெஞ்சில் மோதியது.

“இன்னாது சித்தப்பா, சரக்கு வண்டியா?” என்றான்.

வீட்டில் போட்டுப் பார்த்தோம். பிடரிக்குப் பின்னால் புறப்பட்ட ராக்கெட், உச்சந்தலையைப் பிளந்துகொண்டு ஒரு விநாடி தெரிந்து, சட்டத்துக்கு மேலே போய்விட்டது. பிறகு வெகுநேரம் அவன் மண்டையிலிருந்து வெள்ளைப் புகை.

அதை அழிக்கவிடாமல் நான்தான் தடுத்தேன். ஆயிரத்துக்கு இன்னும் முந்நூறு பேர்தான் குறைகிறதாம். ஒரு எட்டு போய்ப் பட்டனை அமுக்கிவிட்டு வாருங்கள், எங்கள் வீட்டிலும் சட்னி அரைக்க வேண்டியிருக்கிறது.